பாரிசிலிருந்து ரயிலில் சென்று, வார இறுதியில் அமைதியாகத் தங்கி வர ஏற்ற கிராமப்புறங்கள் எவை?

கேள்வி: பாளையங்கோட்டைக்காரர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகள் பாரிசுக்குத் தெற்கே மாஸி என்ற ஊரில் வேலை பார்க்கிறாள். மே மாத நடுவிலிருந்து ஜூலை முதல் வாரம் வரை நானும் என் மனைவியும் அவளுடன் தங்கியிருக்கப் போகிறோம். வார நாட்களில் மகளும் மருமகனும் அலுவலகம் சென்றுவிடுவார்கள் என்பதால், வெள்ளிக்கிழமை மாலை முதல் ஞாயிறு இரவு வரைதான் நால்வரும் சேர்ந்திருக்கக் கிடைக்கும் நேரம். அந்த நாட்களைப் பாரிசின் கூட்டத்தில் கழிக்க எங்களுக்கு விருப்பமில்லை. ஆறு, காடு, வயல், பறவை என்று ஏதேனும் ஒன்று கண்ணெதிரே இருக்கும் ஊரில் இரண்டு இரவுகள் தங்கி வரவே ஆசைப்படுகிறோம்.

இங்கே ஒரு பயண முகவரிடம் விசாரித்தபோது, இரண்டு நாட்களில் ஐந்து கோட்டைகள், மூன்று நகரங்கள் என்று ஒரு திட்டத்தை அச்சிட்டுக் கொடுத்தார். அதைப் படித்து முடிப்பதற்குள்ளேயே களைப்பு வந்துவிட்டது. குற்றாலத்துக்குப் போனால் ஐந்தருவியில் குளித்து, அறைக்குத் திரும்பிச் சாப்பிட்டு, சாரல் காற்றில் ஒரு தூக்கம் போட்டு, மாலையில் மறுபடியும் அருவிக்குக் கிளம்புகிறவர்கள் நாங்கள். பிரான்சிலும் அப்படியொரு ஓய்வு கிடைக்குமா என்பதே என் கேள்வி.

மூன்று விவரங்களைக் கவனத்தில் கொள்ளுங்கள். பிள்ளைகளிடம் கார் இல்லை, ரயில்தான். எனக்கு முழங்கால் வலி உண்டு. சமதரையில் மெதுவாக எவ்வளவு தூரமும் நடப்பேன், ஆனால் படிகள் ஏறுவது சிரமம். என் மனைவி சுத்த சைவம். எங்கள் பூர்வீகம் நாங்குநேரிப் பக்கம். ஆண்டுதோறும் தை, மாசியில் கூந்தன்குளத்துக்குப் போய்ப் பறவைகளைப் பார்ப்பது சிறு வயது முதலே எனக்குள்ள பழக்கம். அதற்கு ஏற்ற இடம் ஏதேனும் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பதில்: அம்பாசமுத்திரத்தான்

அண்ணாச்சிக்கு வணக்கம். தாமிரபரணிக் கரையில் பிறந்து, இப்போது லுவார் ஆற்றங்கரையில் தூர் நகரில் வசிக்கிறேன். அதனால் என் பதில் லுவார் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

லுவார் பிரான்சின் மிக நீளமான ஆறு. ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக ஓடுகிறது. அதன் நடுப்பகுதியில் சுள்ளி என்ற ஊர் முதல் ஷலோன் என்ற ஊர் வரையிலான பள்ளத்தாக்கை யுனெஸ்கோ 2000-ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கோட்டைகளுக்காக மட்டும் அந்தச் சிறப்பு வழங்கப்படவில்லை. ஆறும், அதன் கரையில் நூற்றாண்டுகளாக மனிதர்கள் உருவாக்கிய ஊர்களும் தோட்டங்களும் வயல்களும் சேர்ந்த நிலக்காட்சிக்காகவே வழங்கப்பட்டது. உங்கள் முகவரைப் போன்றவர்கள் கோட்டைகளை மட்டும் எண்ணிக் காட்டி, அவற்றுக்கு இடையே இருக்கும் அந்த நிலக்காட்சியைப் பேருந்துச் சன்னல் வழியாகக் கடத்திவிடுகிறார்கள் என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

நீங்கள் அம்புவாஸ் என்ற சிற்றூரில் இரண்டு இரவுகள் தங்குங்கள். பாரிசின் ஒஸ்தர்லிட்ஸ் நிலையத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் வந்துவிடலாம். ரயில் நிலையத்திலிருந்து பாலத்தைக் கடந்தால் ஊர், சமதரைதான். லியனார்டோ டா வின்சி, மன்னர் முதலாம் பிரான்சுவாவின் அழைப்பை ஏற்று 1516-இல் இத்தாலியை விட்டு இங்கே வந்து, 1519 மே 2-ஆம் நாள் இங்கேயே மறைந்தார். அவர் வாழ்ந்த குளோ லூசே மாளிகையின் தோட்டத்தில், அவர் வரைந்த பொறிகளைப் பெரிய அளவில் மரத்தால் செய்து வைத்திருக்கிறார்கள். கையால் சுழற்றியும் பார்க்கலாம். தோட்டத்தில் நிழலும் நீரோடையும் இருப்பதால், அரை நாள் அங்கேயே கழிந்துவிடும். மேட்டின் மேல் நிற்கும் அரண்மனையைக் கீழே ஆற்றங்கரையிலிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள், ஏற்றம் அதிகம்.

உள்ளே சென்று பார்ப்பதற்கு ஒரே ஒரு கோட்டையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஷெனோன்சோவைச் சொல்வேன். அம்புவாசிலிருந்து வாடகைக் காரில் பக்கம். தூரிலிருந்து வந்தால் கோட்டை வாயிலுக்கு அருகிலேயே ரயில் நிற்கிறது. ஷேர் என்னும் ஆற்றின் குறுக்கே பாலம் போல வளைவுகளின் மேல் கட்டப்பட்ட நீண்ட கூடம் அதன் சிறப்பு. முதல் உலகப் போரில் அந்தக் கூடமே காயமுற்ற வீரர்களுக்கு மருத்துவமனையாக இருந்தது. 1940-க்குப் பிறகு ஜெர்மானியர் பிடித்த பகுதிக்கும் எஞ்சிய பகுதிக்குமான எல்லை இந்த ஆற்றின் வழியே சென்றதால், கூடத்தின் வடக்கு வாசலில் நுழைந்து தெற்கு வாசலில் வெளியேறியவர்கள் ஆக்கிரமிப்பிலிருந்து தப்பினார்கள். தரைத்தளத்திலேயே அந்தக் கூடத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்துவிடலாம் என்பதால் உங்கள் முழங்காலுக்கும் தொந்தரவு இல்லை. ஷாம்போர் கோட்டை மிகப் பெரியது, 1519-இல் தொடங்கப்பட்டது, இரட்டைச் சுருள் படிக்கட்டுக்குப் பெயர் பெற்றது. ஆனால் அங்கே ரயில் நிலையம் இல்லை, படிகளும் ஏராளம். இந்த முறை அதை விட்டுவிடலாம்.

ஞாயிறு காலையில் அம்புவாஸ் ஆற்றங்கரையில் சந்தை கூடும். ஜூன் மாதமென்றால் செர்ரிப் பழங்கள் குவிந்திருக்கும். உருளை வடிவில், சாம்பல் பூசி, நடுவில் ஒரு வைக்கோல் தண்டு செருகிய ஆட்டுப்பாலாடைக் கட்டி இந்தப் பகுதிக்கே உரியது. அந்தத் தண்டின் மேல் அதைச் செய்தவரின் அடையாளத்தைப் பொறித்திருப்பார்கள், உருவிப் பாருங்கள். மாலையில் ஆற்றங்கரைப் பாதையில் மிதிவண்டியில் போகலாம். 'லுவார் ஆ வேலோ' என்னும் அந்த மிதிவண்டித் தடம் ஏறத்தாழ 900 கிலோமீட்டர் நீளமுடையது, பெரும்பாலும் சமதரை. மின்மோட்டார் பொருத்திய மிதிவண்டியும் வாடகைக்குக் கிடைக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நடப்பதைவிட அது எளிது. ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும் என்பதால் சாப்பிட்ட பிறகுகூட ஒரு சுற்றுப் போய் வரலாம்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. ஆற்றைக் கண்டால் இறங்கிக் குளிக்கத் தோன்றுவது நம் ஊர்க்காரர்களின் இயல்பு. லுவாரில் அது கூடவே கூடாது. கோடையில் மணல்திட்டுகள் தெரியும் அளவுக்கு நீர் குறைந்து, பார்க்கச் சாதுவாக இருக்கும். ஆனால் அடியில் மணல் இடம் மாறிக்கொண்டே இருப்பதால், முழங்கால் அளவுத் தண்ணீரில் நிற்பவர் அடுத்த அடியில் ஆளை விழுங்கும் பள்ளத்தில் விழ நேரும். உயிர்க்காவலர் நிற்கும், குளிக்க அனுமதித்த இடங்களில் மட்டுமே நீரில் இறங்கலாம்.

பதில்: தென்காசிச் சாரல்

வணக்கம் அண்ணாச்சி. கூந்தன்குளம் என்ற பெயரைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அம்பைத் தம்பி சொன்ன லுவார் அழகானதுதான், மறுக்கவில்லை. ஆனால் பறவை பார்த்துப் பழகிய ஒருவர் பாரிஸ் வரை வந்து சோம் ஆற்றின் கழிமுகத்தைப் பார்க்காமல் திரும்பக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். நான் ஆமியேன் நகரில் குடியிருக்கிறேன். எங்களுக்கு அது பக்கத்து ஊர்.

பாரிசின் கார் து நோர் நிலையத்திலிருந்து ஆமியேன், அப்வில் வழியாக நுவாயெல்-சுர்-மேர் என்ற சின்ன நிலையத்துக்கு வர வேண்டும். அங்கிருந்து கழிமுகத்தைச் சுற்றிப் பழைய நீராவி ரயில் ஒன்று ஓடுகிறது. வசந்த காலம் முதல் இலையுதிர் காலம் வரைதான் அதன் சேவை. நீங்கள் வரும் மாதங்களில் இருக்கும். மரப்பலகை இருக்கைகளில் அமர்ந்து, கரிப்புகை மூக்கில் ஏற, இருபுறமும் உப்புப் புல்வெளியில் மேயும் ஆடுகளைப் பார்த்துக்கொண்டே சேன் வலேரி என்ற ஊருக்குப் போய்ச் சேரலாம். 1066-இல் இங்கிலாந்தை வெல்லப் புறப்பட்ட நார்மண்டியின் வில்லியம், சாதகமான காற்றுக்காகக் காத்திருந்து கப்பலேறிய துறை அது. இன்று கற்கள் பாவிய சந்துகளும் ரோஜாச் செடிகள் படர்ந்த வீடுகளும் உள்ள அமைதியான ஊர். தங்குவதற்கு அதையே சொல்வேன். கடலோரமாக நீண்ட நடைபாதை சமதரையில் செல்கிறது. மேட்டுப் பகுதியிலுள்ள பழைய ஊருக்கு மட்டும் கொஞ்சம் ஏற வேண்டும்.

கழிமுகத்தின் வடபுறத்தில் இருக்கிறது மார்க்கன்தேர் பறவைப் பூங்கா. 1973 முதல் மக்களுக்குத் திறந்திருக்கிறது. மரத்தாலான மறைவிடங்களில் அமர்ந்து சிறு சன்னல்கள் வழியே பார்க்கலாம். பல இடங்களில் வழிகாட்டிகள் தொலைநோக்கியை நிறுத்திவைத்து, கேட்பவர்களுக்கெல்லாம் பறவையைக் காட்டி விளக்குவார்கள். நீங்கள் கூந்தன்குளத்தில் பார்த்த அதே கரண்டிவாயன் இங்கே பைன் மரங்களின் உச்சியில் கூடு கட்டியிருப்பதைப் பார்க்கலாம். நம் புலவர்கள் பாடிய செங்கால் நாரையும் இங்கே குஞ்சு பொரிக்கிறது. மே, ஜூன் மாதங்களில் குஞ்சுகள் கூட்டில் எழுந்து நிற்பதைப் பார்க்கலாம், நாரைகள் அலகைத் தட்டும் ஓசையும் நன்றாகக் கேட்கும். கூந்தன்குளத்தில் ஊர் மக்களே தங்கள் வீட்டு மரங்களில் கூடு கட்டும் பறவைகளைக் காத்து வளர்க்கிறார்கள்; இங்கே தனிப் பூங்காவாக வேலியிட்டுக் காக்கிறார்கள். இரண்டையும் பார்த்தவர் என்ற முறையில் உங்கள் கருத்தைப் பின்னர் எழுதுங்கள் அண்ணாச்சி, படிக்க ஆவலாக இருக்கிறேன். சேன் வலேரியிலிருந்து பூங்காவுக்கு ரயில் இல்லை, வாடகைக் காரை முந்தின நாளே சொல்லி வைக்க வேண்டும்.

லெ ஊர்தெல் என்ற கழிமுக முனையில், கடல் வற்றும் நேரத்தில் கடல்நாய்கள் மணல்திட்டுகளில் படுத்து வெயில் காயும். பிரான்சில் அவை மிக அதிகமாக வாழும் இடம் இதுவே. 300 மீட்டர் தொலைவில் நின்றே பார்க்க வேண்டும் என்பது விதி. நெருங்கினால் குட்டிகள் தாயைப் பிரிந்துவிடும்.

அம்பைத் தம்பி ஆற்றைப் பற்றி எச்சரித்ததைப் போல நான் கடலைப் பற்றி எச்சரிக்கிறேன். நம் திருச்செந்தூர், உவரிக் கடலில் நீர்மட்டம் ஏறி இறங்குவதை நாம் பெரிதாக உணர்வதில்லை. இங்கே நீர் பல கிலோமீட்டர் பின்வாங்கி, வெறும் மணல்வெளியாகக் கிடந்து, பிறகு ஓடைகள் வழியாகப் பின்னால் வந்து சூழ்ந்துகொள்ளும். அந்த மணலில் நடப்பது மிக இனிமையான அனுபவம். ஆனால் உரிமம் பெற்ற வழிகாட்டியுடன் மட்டுமே நடக்க வேண்டும். ஓத நேர அட்டவணையைச் சுற்றுலா அலுவலக வாசலிலேயே ஒட்டியிருப்பார்கள்.

பதில்: கல்லிடைக்குறிச்சி நடையர்

இருவரும் நல்ல இடங்களைச் சொல்லிவிட்டார்கள். நான் சொல்ல வருவது வரிசையைப் பற்றி. விமானப் பயண அலுப்பும் நேர மாற்றமும் தீராத முதல் வாரத்தில் வெளியூர்த் தங்கல் வேண்டாம். மாஸியிலிருந்து பி எழுத்துப் புறநகர் ரயிலிலேயே தெற்கே போனால், தடம் முடியும் நிலையம் சேன் ரேமி. அங்கிருந்து தொடங்குகிறது செவ்ரூஸ் பள்ளத்தாக்கு. 1985 முதல் வட்டார இயற்கைப் பூங்கா. ஓடையை ஒட்டி, பழைய துணி துவைக்கும் படித்துறைகளையும் சிறு பாலங்களையும் பார்த்தபடி செவ்ரூஸ் ஊர் வரை நடந்து, மதிய உணவுக்குப் பின் திரும்பிவிடலாம். அடுத்த வாரம் ஃபோந்தென்புளோ காடு. கார் து லியோன் நிலையத்திலிருந்து நாற்பது நிமிடம். 2025 சனவரி முதல் பாரிஸ் வட்டாரம் முழுவதற்கும் ரயிலில் ஒரே கட்டணச் சீட்டு என்பதால், இந்த இரண்டு இடங்களுக்கும் செலவு மிகக் குறைவு.

ஃபோந்தென்புளோ காட்டில் தெனெகூர் என்பவர் 1842 முதல் தம் சொந்த முயற்சியில் மரங்களிலும் பாறைகளிலும் நீல வண்ணக் குறியிட்டுப் பாதைகளை அமைத்தார். பிரான்சில் இன்றுள்ள குறியிட்ட நடைபாதைகளுக்கு அவரே முன்னோடி. இப்போது நெடுந்தொலைவுப் பாதைகளில் மேலே வெள்ளை, கீழே சிவப்பு என இரண்டு பட்டைகளைக் காண்பீர்கள். அதே நிறங்கள் பெருக்கல் குறியாக இருந்தால் அந்த வழியில் போகக் கூடாது என்று பொருள். மஞ்சள் ஒற்றைப் பட்டை உள்ளூர்ச் சிறு நடைகளுக்கானது. உங்களுக்கு மஞ்சளே போதும். காட்டில் பாறைகள் நிறைந்த பகுதிகளைத் தவிர்த்து, அகலமான வண்டிப் பாதைகளிலேயே நடந்துகொள்ளுங்கள்.

புல்லில் உண்ணிகள் உண்டு. முழுக்கால் சட்டை அணிந்து, திரும்பியதும் கால்களையும் முழங்கால் மடிப்புகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். உண்ணியால் பரவும் லைம் நோயை இங்குள்ள மருத்துவர்கள் இலேசாக எடுத்துக்கொள்வதில்லை.

கேள்வி கேட்டவர்: பாளையங்கோட்டைக்காரர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மகளிடம் படித்துக் காட்டினேன். கரண்டிவாயன் கூடு கட்டும் இடம் இவ்வளவு பக்கத்தில் இருப்பது அவளுக்கே தெரியவில்லை. இன்னும் இரண்டு ஐயங்கள். கிராமங்களில் தங்குவதற்கு விடுதி நல்லதா, வீடு நல்லதா? என் மனைவிக்குச் சைவச் சாப்பாடு கிடைக்குமா? அவள் முட்டையும் சேர்ப்பதில்லை.

பதில்: வீரவநல்லூர் அக்கா

வணக்கம். சமையலைப் பற்றிய கேள்வி என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்; வெளியூர் போய் ஓய்வாக இருந்தோம் என்று ஒரு பெண் சொல்ல வேண்டுமானால், அவளுக்கு வேளாவேளைக்கு நிம்மதியாகச் சாப்பிடக் கிடைத்திருக்க வேண்டும்.

கிராமத்தில் தங்க இரண்டு முறைகள் உண்டு. 'ஷாம்பர் தோத்' என்பது ஒரு குடும்பம் தான் வாழும் வீட்டிலேயே சில அறைகளை விருந்தினருக்கு விடுவது. சட்டப்படி ஐந்து அறைகளுக்கும் பதினைந்து பேருக்கும் மேல் விடக் கூடாது. காலை உணவு வாடகையில் சேர்ந்தது. சில வீடுகளில் இரவு உணவும் தருவார்கள்; அது முன்பே சொல்லி வைத்தவர்களுக்கு மட்டும், எல்லோருக்கும் ஒரே சமையல், வீட்டாருடன் ஒரே மேசையில். உங்கள் மகளுக்குப் பிரெஞ்சு தெரியும் என்றால், அந்த மேசையில் கிடைக்கும் பேச்சுக்காகவே ஒரு முறை தங்கலாம். காலையில் ரொட்டி, வெண்ணெய், அந்த வீட்டுத் தோட்டத்துப் பழத்தில் செய்த ஜாம், காபி ஆகியவை வரும். அதில் சைவத்துக்குச் சிக்கல் இல்லை. முட்டையையே தொடாதவர் என்றால், குருவாசான், பிரியோஷ் போன்றவற்றில் மேற்பூச்சாகவோ மாவிலோ முட்டை சேரும் என்பதால் சாதாரண பகெத் ரொட்டியே பாதுகாப்பானது.

இரண்டாவது முறை 'ஜீத்' எனப்படும் முழு வீடு. சமையலறை, பாத்திரம், அடுப்பு எல்லாம் இருக்கும். 'ஜீத் து பிரான்ஸ்' என்னும் அமைப்பு 1955 முதல் இப்படிப்பட்ட வீடுகளைத் தரம் பிரித்து வழங்கி வருகிறது. வயல்களில் வேலை குறைந்து வெறுமையாகிக்கொண்டிருந்த பண்ணை வீடுகளைப் பாழாகாமல் காத்து, விவசாயிகளுக்கு ஒரு துணை வருமானம் தருவதே அதன் தொடக்க நோக்கம். நான்கு பேர், அதில் ஒருவர் முட்டை சேர்க்காத சைவம் என்றால், நான் தயங்காமல் ஜீத்தையே சொல்வேன். முன்பதிவு செய்யும்போதே படுக்கை விரிப்பு, துண்டுகள் வாடகையில் சேர்த்தியா என்று கேளுங்கள். பல வீடுகளில் தனிக் கட்டணம், அல்லது நாமே கொண்டுபோக வேண்டும். கிளம்பும்போது வீட்டைக் கூட்டித் துடைத்து, குப்பையைப் பிரித்துப் போட்டுவிட்டு வர வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் பெரும்பாலும் சனி முதல் சனி வரை வாரக் கணக்கில்தான் விடுவார்கள். எனவே இரண்டு இரவுத் தங்கலை ஜூன் மாதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

உணவகங்களில் 'வெழெத்தாரியன்' என்று சொன்னால் ஆம்லெட் வரக்கூடும். ஏன், மீனே வரலாம். முட்டை, மீன், இறைச்சி, இறைச்சி வேகவைத்த சாறு எதுவும் வேண்டாம் என்று மகளைக் கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்ல வையுங்கள். காய்கறிச் சூப்பிலும் கோழிச்சாறு சேர்ப்பது வழக்கம். கீஷ் என்னும் உப்புப் பண்டத்தில் முட்டையும் உண்டு, பன்றித் துண்டுகளும் உண்டு. ரத்ததூய் என்னும் கத்தரிக்காய், தக்காளி, சுரைவகை சேர்ந்த கூட்டு பாதுகாப்பானது. அம்பைத் தம்பி சொன்ன பாலாடைக் கட்டியைப் பற்றி ஒரு சொல்: மரபான முறையில் செய்யும் பெரும்பாலான கட்டிகளில் பாலைத் திரைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்க்கிறார்கள். சுத்த சைவம் என்றால் இதை அறிந்தே முடிவு செய்ய வேண்டும்.

கிராமத்துக் கடைகள் ஞாயிறு மதியத்துக்குப் பின் மூடிவிடும். பல ஊர்களில் திங்களும் விடுமுறை. உணவகங்களில் மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரைதான் அடுப்பு எரியும், இரவில் ஏழு ஏழரைக்கு முன் எதுவும் கிடைக்காது. அதனால் வெள்ளி மாலை கிளம்பும்போதே அரிசி, துவரம்பருப்பு, ஒரு சிறு டப்பாவில் சாம்பார்ப் பொடி, புளி, கடுகு, பெருங்காயம் எடுத்துவைத்துவிடுங்கள். பாரிசில் லா ஷப்பேல் பகுதித் தமிழ்க் கடைகளில் எல்லாம் கிடைக்கும். காய்கறியைச் சந்தையில் அன்றன்று வாங்கிக்கொள்ளலாம். ஜூன் மாதத்துப் புதுப் பட்டாணியையும் தோல் உரிக்கத் தேவையில்லாத இளம் உருளைக்கிழங்கையும் வாங்கி, சீரகம் தாளித்து ஒரு பொரியல் செய்து பார்க்கச் சொல்லுங்கள். அதன் இனிப்பு தனி. தாளிக்கும்போது சமையலறைச் சன்னலைத் திறந்து வையுங்கள், புகை உணரும் கருவி சட்டென்று அலறிவிடும்.

கடைக்குள்ளோ சந்தைக் கடைக்காரர் முன்போ போய் நின்றதும், எதைக் கேட்பதற்கு முன்பும் 'போன்ழூர்' என்று வணக்கம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விலை கேட்பதை அங்கே மரியாதைக் குறைவாகவே எடுத்துக்கொள்வார்கள்.

பதில்: அம்பாசமுத்திரத்தான்

அக்கா சொன்னது முற்றிலும் சரி. தேதிகளைப் பற்றி மட்டும் ஒன்றைச் சேர்க்கிறேன். மே 1, மே 8 ஆகியவற்றோடு, இயேசு விண்ணேறிய பெருவிழா வியாழக்கிழமையும் பெந்தக்கோஸ்துத் திங்களும் விடுமுறை. வியாழன் விடுமுறை என்றால் வெள்ளியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு பாரிசே ஊரைவிட்டுக் கிளம்பும். அந்த நாட்களில் அறையும் கிடைக்காது, ரயில் சீட்டு விலையும் ஏறிவிடும். எனவே அந்த வார இறுதிகளுக்குச் செவ்ரூஸ், ஃபோந்தென்புளோ. ஜூன் முற்பாதியில் சோம் கழிமுகம், குஞ்சுகள் கூட்டில் இருக்கும்போதே. ஜூன் கடைசியில் லுவார் என்று வைத்துக்கொள்ளலாம். ஜூன் முதல் வார இறுதியில் நாடு முழுவதும் தோட்டத் திருவிழா நடக்கும். வழக்கமாகப் பூட்டியிருக்கும் தனியார் தோட்டங்களைக்கூட அப்போது திறந்துவிடுவார்கள், தங்கும் ஊரின் சுற்றுலா அலுவலகத்தில் பட்டியல் கிடைக்கும்.

அறுபது வயது கடந்தவர்களுக்கு ரயில் சலுகை அட்டை உண்டு. உங்கள் இருவருக்கும் இலாபமா என்று பயணங்களின் எண்ணிக்கையைக் கொண்டு மகளைக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். பயணப் பையில் மெல்லிய கம்பளிச் சட்டைக்கு இடம் விடுங்கள் அண்ணாச்சி. ஜூன் என்றாலும் ஆற்றங்கரையிலும் கழிமுகத்திலும் இரவுகள் குளிரும். அம்புவாசில் எந்தத் தேதி என்று முடிவானதும் இங்கேயே எழுதுங்கள், ரயில் நிலையத்துக்கு நான் வந்துவிடுகிறேன்.